தொப்பையைத் தைத்துவிட முடியுமா டாக்டர்?

பிரசவத்துக்குப் பிறகு தளர்ந்துபோகும் வயிறு பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டித் தைக்கும் ‘டம்மி டக்’ ஆபரேஷன் பற்றித்தான் கேட்டன. மதுரையில் பிளாஸ்டிக் சர்ஜனாக இருக்கும் எனக்கு இவை தினமும் காதில் விழும் கேள்விகள். சிலர் கேட்கவே கூச்சப்படுகிறார்கள், சிலர் தேதியே குறித்துக்கொண்டு வருகிறார்கள். இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

எனக்கு வயது 34. இரண்டு பிரசவமும் சிசேரியன். சின்னவளுக்கு மூன்று வயது. உயரம் 158 செ.மீ., எடை 62 கிலோ. கை, கால் எல்லாம் அளவாகத்தான் இருக்கிறது. வயிறு மட்டும் சிசேரியன் தழும்புக்கு மேலே மடிந்து தொங்குகிறது. ஒரு வருடம் ஜிம்முக்குப் போயும் குறையவில்லை. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்து, ‘எத்தனை மாசம்?’ என்று கேட்கிறார்கள். டம்மி டக் எனக்குச் சரிப்படுமா? அதற்கு முன் என்னவெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும்?
– வாசகி, திண்டுக்கல்

இன்று ராத்திரி ஒன்று செய்து பாருங்கள். பாயில் மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்குங்கள். தலையையும் தோளையும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, தொப்புளுக்கு மேலும் கீழும் இரண்டு விரலை வைத்து அழுத்துங்கள். நடுவில் ஒரு பள்ளம் தெரிந்து, அதற்குள் இரண்டு விரலோ அதற்கு மேலோ அகலவாக்கில் இறங்கினால், வயிற்றின் முன்தசைகள் இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிவிட்டன என்று அர்த்தம். கர்ப்பத்தில் வயிறு பெரிதாகும்போது எல்லோருக்கும் இந்தத் தசைகள் விலகும். பலருக்குச் சில மாதங்களில் தானாக நெருங்கிவிடும். சிலருக்கு அப்படியே நின்றுவிடும். அவர்களுக்குத்தான் சாயங்காலமானால் வயிறு இன்னும் முன்னே தள்ளிக்கொண்டு, ஐந்து மாதக் கர்ப்பிணி மாதிரி தெரியும்.

அடுத்து எழுந்து நின்று, தழும்புக்கு மேலே மடியும் பகுதியைக் கையால் பிடித்துப் பாருங்கள். கைக்குள் வருவது தோலும் அதற்கடியில் இருக்கும் கொழுப்பும். டம்மி டக்கில் செய்வது இரண்டு வேலை மட்டுமே: மிச்சத் தோலை அதன் அடிக்கொழுப்போடு வெட்டி எடுப்பது, விலகிய தசைகளை இழுத்துச் சேர்த்துத் தைப்பது. குடலைச் சுற்றி உள்ளே படிந்திருக்கும் கொழுப்பு அதன் கைக்கு எட்டாது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால்தான் பலரும் பணம் செலவழித்துவிட்டு ஏமாந்து நிற்கிறார்கள்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், பொருத்தமானவராகத்தான் தெரிகிறது. ஜிம்மில் உங்கள் முயற்சி குறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். நீண்டு தளர்ந்த தோல் எந்த உடற்பயிற்சியிலும் சுருங்காது. தசை விலகலுக்கு மட்டும் முறையான பிசியோதெரபி ஓரளவு உதவும். தோல் அதிகம் தொங்காமல், விலகலும் லேசாக இருந்தால் நான் முதலில் பிசியோதெரபிஸ்டிடம்தான் அனுப்புகிறேன். ஆனால் விலகல் இருக்கும்போது மல்லாந்து படுத்து எழும் ‘சிட்-அப்’ பயிற்சியை இஷ்டத்துக்குச் செய்தால் நடுவயிறு இன்னும் புடைத்துக்கொள்ளலாம்.

ஆபரேஷனில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்க இடுப்பெலும்பில் தொடங்கி மறுபக்க இடுப்பெலும்பு வரை, அடிவயிற்றில் நீளமாகக் கீறுவோம். உங்கள் சிசேரியன் தழும்பு பெரும்பாலும் வெட்டி எடுக்கும் தோலோடு போய்விடும். ஆனால் அதைவிட மிக நீளமான தழும்பு ஒன்று வரும். விலா எலும்பு வரைக்கும் தோலைத் தசையிலிருந்து பிரித்துத் தூக்கி, தசைகளை மேலிருந்து கீழ் வரை தைத்து நெருக்குவோம். பிறகு தோலைக் கீழே இழுத்து, மிச்சத்தை வெட்டிவிட்டுத் தைப்போம். தொப்புள் இருந்த இடத்திலேயே இருக்கும். இழுத்த தோலில் அதற்குப் புதிதாக வாசல் வைத்துத் தைப்போம். இரண்டிலிருந்து நாலு மணி நேரம் ஆகும். தொப்புளுக்குக் கீழே உள்ள கர்ப்பக் கோடுகள் வெட்டிய தோலோடு போய்விடும். மேலே உள்ளவை போகாது, கொஞ்சம் கீழிறங்கி நிற்கும். தராசில் ஏறிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. எடை குறைக்கும் ஆபரேஷன் இல்லை இது.

இனி உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது: இன்னொரு குழந்தை வேண்டுமா? ‘வேண்டாம்’ என்று உறுதியாகச் சொன்னால் மட்டும் மேலே போங்கள். டம்மி டக் செய்த பிறகு கர்ப்பமானால் குழந்தைக்கு ஆபத்தில்லை, இன்னொரு சிசேரியன்கூடச் செய்யலாம். ஆனால் தைத்த தசையும் தோலும் மறுபடி விரியும். எடையும் குறைந்தது ஆறு மாதமாக ஏறாமல் இறங்காமல் இருக்க வேண்டும். தாய்ப்பால் நிறுத்தியும் ஆறு மாதமாவது ஆகியிருப்பது நல்லது.

ரத்தசோகையைச் சரிபார்க்காமல் ஆபரேஷன் தேதி வாங்காதீர்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருந்தது. ஹீமோகுளோபின் 9 இருக்கும் பெண்ணை அழகுக்கான ஆபரேஷனுக்கு ஏற்றுக்கொள்ள நான் தயாராக இல்லை. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டுச் சில மாதம் கழித்து வரட்டும், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. சர்க்கரை இருந்தால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ‘ஹெச்பிஏ1சி’ 7-க்குப் பக்கத்தில் வர வேண்டும். சிகரெட், பீடி மட்டுமல்ல, வெற்றிலையோடு புகையிலை அடக்கும் பழக்கத்தையும் குறைந்தது நாலு வாரத்துக்கு முன்பே விட வேண்டும். நிகோட்டின் மெல்லிய ரத்தக்குழாய்களைச் சுருக்கும். இழுத்துத் தைத்த தோலுக்கு ரத்தம் போகாவிட்டால் ஓரம் கறுத்து அழுகிவிடும். அம்மாமார்கள், பாட்டிமார்கள் இதை ஒரு ‘பழக்கம்’ என்றே நினைப்பதில்லை, கேட்டால்கூடச் சொல்வதில்லை.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனை, சின்னத் துளை வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் செய்திருந்தால் அதையும் சர்ஜனிடம் சொல்லுங்கள். அந்தத் துளை பெரும்பாலும் தொப்புளை ஒட்டித்தான் இருக்கும். தொப்புளின் ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது, அங்கே குடலிறக்கம் ஏதும் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். ஒரு வயிற்று ஸ்கேனில் தெரிந்துவிடும்.

ஆபரேஷன் தேதியில் மாதவிலக்கு வரும்போல இருக்கிறதே என்று, அதைத் தள்ளிப்போடும் மாத்திரையை மருந்துக் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டு வருகிறார்கள் சிலர். கோயில் விசேஷத்துக்குப் போட்டுப் பழகியதால் அதைச் சாதாரணமாக நினைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த மாத்திரைகளும் கருத்தடை மாத்திரைகளும் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். அழகுக்காகச் செய்யும் ஆபரேஷன்களில் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போய் அடைக்கும் ஆபத்து அதிகம் உள்ளவற்றில் டம்மி டக்கும் ஒன்று. மாதவிலக்கு வந்தால் வரட்டும், அது ஆபரேஷனுக்குத் தடையே இல்லை.

எனக்கு 48 வயது. ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். வயிறு மட்டும் பானை மாதிரி முன்னே நிற்கிறது, தொட்டால் கல் மாதிரி இருக்கும். ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டால் சர்க்கரையும் குறையும் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?
– வாசகர், விருதுநகர்

இல்லை. தொட்டால் கல் மாதிரி இருக்கும் வயிற்றில் கொழுப்பு இருப்பது தசைக்கு உள்ளே, குடலைச் சுற்றியும் கல்லீரலிலும். நான் மேலே சொன்ன தோலோ, தளர்ந்த கொழுப்போ உங்களிடம் வெட்டி எடுக்க அதிகம் இருக்காது. உள்ளே அடைத்துக்கொண்டிருக்கும்போது தசையை இழுத்துத் தைத்தால் வயிற்றுக்குள் அழுத்தம் கூடி, மூச்சு விடவே கஷ்டப்படுவீர்கள். தோலுக்கடியில் உள்ள கொழுப்பை எடுப்பதால் சர்க்கரையும் குறையாது.

நம் பக்கத்து ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்கு மேல் போனாலே எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் போக வேண்டியது சர்க்கரை டாக்டரிடமும், தினமும் நடக்கும் ரோட்டுக்கும். உள்ளே இருக்கும் கொழுப்புக்கு ஒரு நல்ல குணம் உண்டு: சாப்பாட்டிலும் நடையிலும் முதலில் கரைய ஆரம்பிப்பது அதுதான்.

இரண்டாவது குழந்தை வயிற்றில். எட்டாம் மாதம். எப்படியும் சிசேரியன்தான் என்று சொல்லிவிட்டார்கள். வயிற்றைக் கிழிக்கும்போதே டம்மி டக்கும் சேர்த்துச் செய்துவிட்டால் ஒரே வலியோடு போய்விடுமே? மாமியார் பழைய காட்டன் சேலையால் வயிற்றைக் கட்டினால் போதும் என்கிறார்.
– வாசகி, ஈரோடு

சேர்த்துச் செய்யக் கூடாது. குழந்தை பிறந்த அன்று கர்ப்பப்பை இன்னும் பெரிதாக இருக்கும், தோல் வீங்கியிருக்கும். எவ்வளவு தோல் மிச்சம் என்று அளக்கவே முடியாது. சில மாதத்தில் தானாகச் சுருங்கிவிடக்கூடிய தோலைச் சேர்த்து வெட்டிவிடுவோம். பிரசவத்தை ஒட்டி ரத்தம் உறையும் தன்மையும் உடம்பில் அதிகமாக இருக்கும். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியனாக நடந்தது என்று மேலே சொன்ன 2019-21 கணக்கெடுப்பு சொல்கிறது, அதனால் உங்கள் கேள்வி பலருடைய கேள்வி. குழந்தை பிறந்து ஒரு வருடமாவது ஆகட்டும். அதற்குள் ஆபரேஷனே வேண்டாம் என்ற நிலைக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள்.

மாமியார் சொல்வதைத் தட்டிக்கழிக்க வேண்டாம். அளவான இறுக்கத்தில் கட்டினால் முதுகுக்கும் தையலுக்கும் இதமாக இருக்கும். சிசேரியன் தையல்மேல் அழுந்தாமல், மூச்சு முட்டாமல் கட்டச் சொல்லுங்கள். விலகிய தசையை அது சேர்த்து வைக்காது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

துபாயில் வேலை பார்க்கிறேன், வயது 39. மூன்று வார லீவில் ஊருக்கு வருகிறேன். வந்த மறுநாளே ஆபரேஷன் முடித்துக்கொண்டால், 12-ம் நாள் தம்பி கல்யாணத்தில் பட்டுப்புடவை கட்டி நிற்க முடியுமா? லீவு முடிந்து விமானம் ஏறுவதில் பிரச்னை உண்டா?
– வாசகி, சொந்த ஊர் காரைக்குடி

இந்தத் திட்டத்தை விட்டுவிடுங்கள். 12-ம் நாள் நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்று விவரமாகச் சொல்கிறேன், அப்புறம் நீங்களே முடிவெடுங்கள்.

ஆபரேஷன் முடிந்து விழிக்கும்போது வயிற்றின் இரண்டு பக்கத்திலும் மெல்லிய டியூப் தொங்கும். முனையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் குடுவை. தோலைப் பிரித்த இடத்தில் ஊறும் நீர் அதில் சேரும். ‘ட்ரெயின்’ என்று நர்ஸ்கள் சொல்வது அதைத்தான். தினமும் அதை அளந்து எழுத வேண்டும். ஒரு நாளில் சேர்வது 30 மில்லிக்குக் கீழே வந்த பிறகுதான் பெரும்பாலான சர்ஜன்கள் அதை எடுப்பார்கள். சிலருக்கு நாலு நாள், சிலருக்குப் பத்து நாள். டியூபோடு வீட்டுக்கு அனுப்புவது சாதாரணம்தான். எடுத்த பிறகும் உள்ளே நீர் கோத்தால் ஊசியால் உறிஞ்சி எடுக்க வேண்டியிருக்கும். டம்மி டக்கில் அடிக்கடி வரும் சிக்கல் இந்த நீர்க்கோப்புதான். பெரிய ஆபத்தில்லை, ஆனால் மறுபடி மறுபடி மருத்துவமனைக்கு அலைய வைக்கும்.

முதல் வாரம் முதுகை நிமிர்த்தி நடக்க முடியாது, நிமிரவும் கூடாது. இடுப்பிலிருந்து குனிந்தபடிதான் நடை. படுப்பதும் தலைப்பக்கம் உயர்த்தி, முழங்காலுக்கடியில் இரண்டு தலையணை வைத்து, சாய்வு நாற்காலியில் சாய்ந்த வாக்கில். தரையில் பாய் போட்டுப் படுத்து எழ முடியாது. குத்துக்காலிட்டு உட்காரும் கழிப்பறை ஆகவே ஆகாது. காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடாக இருந்தால் முதலில் இதைத்தான் பார்க்கச் சொல்வேன்: நாற்காலி மாதிரி உட்காரும் டாய்லெட் இருக்கிறதா, அது படி ஏறாமல் போகும் இடத்தில் இருக்கிறதா? மலச்சிக்கல் வந்தால் முக்க வேண்டியிருக்கும், தைத்த தசை இழுபடும். வலி மாத்திரைகள் சிலவும் மலத்தை இறுக்கும். ஈசப்கோல் முதல் நாளிலிருந்தே கையில் இருக்கட்டும். இருமலோ தும்மலோ வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமுங்கள். சளி பிடித்திருந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போடச் சொல்வதும் இதனால்தான்.

வயிற்றைச் சுற்றி இறுக்கமான பெல்ட் ஆறு வாரத்துக்கு. அதன் மேல் பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டினால் நாடா போய் அழுத்துவது தையலையோ தையல் பக்கத்தையோதான். பட்டுப்புடவையின் கனத்துக்கு நாடாவை இறுக்காமல் நிற்கவும் முடியாது. அந்த இடம் மரத்துப்போயிருப்பதால் உரசி உரசிப் புண்ணானாலும் உங்களுக்குத் தெரியாது. அடிவயிறு மரத்திருப்பது பல மாதம் நீடிக்கும், ஒரு சிறு பகுதியில் அது நிரந்தரமாகவும் தங்கிவிடலாம். வெந்நீர்ப் பை ஒத்தடம் கொடுத்து, சூடு தெரியாமல் தோல் கொப்பளித்துப் போய் வந்தவர்கள் உண்டு. ஒத்தடமே வேண்டாம்.

இன்னொன்று, சாப்பாடு. நம் வீடுகளில் தையல் போட்டாலே பத்தியம் ஆரம்பித்துவிடும். முட்டை கூடாது, மீன் கூடாது, பருப்பு ‘வாயு’, சீழ் வைக்கும் என்று ரசம் சாதத்திலேயே ஓட்டுவார்கள். புண் ஆறுவதற்கு உடம்பு கேட்பதே புரதத்தைத்தான். முட்டை, மீன், பயறு, பருப்பு, தயிர், சுண்டல் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். பார்க்க வருகிற உறவினர்களிடம் ‘டாக்டர் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்’ என்று என் தலையில் போட்டுவிடுங்கள்.

ஆறு வாரம் எடை தூக்கக் கூடாது: தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், இட்லிமாவுப் பாத்திரம், குழந்தை. சின்னக் குழந்தை வைத்திருக்கும் பெண்களை நான் முதலில் கேட்பது, ‘ராத்திரி குழந்தை அழுதால் யார் தூக்குவார்கள்?’ என்றுதான். பதில் சொல்ல ஆள் இல்லாவிட்டால் தேதி தருவதில்லை. உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு இரண்டு மூன்று வாரத்தில் போகலாம், வண்டி ஓட்டுவதும் அதற்குப் பிறகுதான். நின்று பார்க்கும் வேலைக்கு இன்னும் நாளாகும்.

விமானத்தைப் பொறுத்தவரை, வரும்போதும் போகும்போதும் மணிக்கணக்கில் காலை மடக்கி அசையாமல் உட்கார்வது ரத்தம் உறையும் ஆபத்தை ஏற்றும். இறங்கிய மறுநாளே ஆபரேஷன் என்றால், உங்களைச் சரியாகப் பரிசோதிக்கவே அவகாசம் இல்லை. ஆபரேஷன் அன்று சாயங்காலமோ மறுநாள் காலையிலோ எழுப்பி நடக்க வைப்போம். காலுக்கு அழுத்தம் தரும் உறை, தேவைப்பட்டால் ரத்தம் உறையாமல் இருக்க ஊசி எல்லாம் கொடுப்போம். அத்தனையும் செய்துவிட்டு மூன்று வாரத்துக்குள் விமானத்தில் உட்கார வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ அந்த நிமிடமே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். விமானத்தில் அது எப்படி முடியும்?

தம்பி கல்யாணத்தில் சந்தோஷமாக நில்லுங்கள். அந்த லீவில் சர்ஜனைப் பார்த்து, ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் முடித்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனை இரண்டு மாதம் சேர்ந்தாற்போல் லீவு கிடைக்கும் வருடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

வாரம் ஒரு முறை போடும் எடைக் குறைப்பு ஊசியில் 27 கிலோ குறைத்தேன். இப்போது தோல் பை மாதிரி தொங்குகிறது. மடிப்புக்கடியில் புண்ணும் அரிப்பும். உடனே டம்மி டக் செய்யலாமா?
– வாசகி, கோவை

எடை நின்ற இடத்தில் ஆறு மாதம் நிற்கட்டும். இன்னும் குறைந்துகொண்டே இருந்தால், இன்று இறுக்கிய தோல் நாளை மறுபடி தளரும். இரைப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் பொதுவாக ஒன்றிலிருந்து ஒன்றரை வருடம் காத்திருக்க வேண்டும். வேகமாக எடை குறைத்தவர்களுக்குப் புரதம், இரும்பு, பி-12 எல்லாம் குறைந்திருக்கும், பரிசோதித்து ஈடு கட்டிய பிறகே கத்தி. தோல் இவ்வளவு தொங்கினால் முன்வயிற்றில் மட்டும் வெட்டிப் பயனில்லாமல் போகலாம். இடுப்பைச் சுற்றியோ, நடுவயிற்றில் மேலிருந்து கீழாகவோ இன்னொரு கீறலும் தேவைப்படும்.

ஊசியை மறைக்காமல் மயக்க டாக்டரிடம் சொல்லுங்கள். இந்த மருந்துகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். ராத்திரியிலிருந்து சாப்பிடாமல் வந்தாலும் வயிற்றில் உணவு தங்கியிருக்கலாம். மயக்கத்தில் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. எத்தனை நாள் முன்பு ஊசியை நிறுத்துவது, முந்தின நாள் திரவ உணவு மட்டுமா என்பதை அவர் சொல்வார். மடிப்புக்கடியில் இருக்கும் பூஞ்சைத் தொற்றை முதலில் ஆற்றிக்கொள்ளுங்கள். குளித்ததும் அந்த இடத்தை நன்றாகத் துடைத்து, மெல்லிய பருத்தித் துணியை மடிப்பில் வைத்துக்கொண்டால் ஈரம் தங்காது.

2024-ல் எடைக் குறைப்பு ஆபரேஷனுக்காகச் சென்னை வந்த புதுச்சேரி இளைஞர் இறந்த செய்தி படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. எங்கள் ஊரில் ஒரு பியூட்டி கிளினிக்கில் ‘தழும்பே தெரியாது, மாலையே வீட்டுக்குப் போகலாம், பாதி விலை’ என்று விளம்பரம். எதை நம்புவது? இன்சூரன்ஸ் கிடைக்குமா?
– வாசகி, சேலம்

அந்த இளைஞருக்கு நடந்தது இரைப்பை சம்பந்தப்பட்ட வேறு வகை ஆபரேஷன். ஆனால் உங்கள் பயம் நியாயமானது, அதை அடக்கிக்கொள்ள வேண்டாம். அதைக் கேள்வியாக்கிக் கேளுங்கள்.

செய்யப்போகிறவர் யார்? எம்.பி.பி.எஸ்., அறுவை சிகிச்சையில் எம்.எஸ்., அதற்கு மேல் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஹெச். அல்லது அதற்கு இணையான தேசிய வாரியப் பட்டம். இதுதான் படிப்பு. ‘காஸ்மெட்டாலஜிஸ்ட்’ என்று சில வாரப் பயிற்சிச் சான்றிதழ் மாட்டியிருப்பது இதற்கு ஈடாகாது. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எங்கே செய்யப்போகிறார்? தீவிர சிகிச்சைப் பிரிவு அந்தக் கட்டடத்திலேயே இருக்கிறதா? மயக்க டாக்டர் ஆபரேஷன் முடியும்வரை கூடவே இருப்பாரா, ராத்திரி டியூட்டியில் டாக்டர் உண்டா, ரத்தம் தேவைப்பட்டால் எங்கிருந்து வரும்? பியூட்டி கிளினிக்கின் மாடியறையில் இவை இருக்காது. அங்கே முழு டம்மி டக் செய்துகொள்ளவே கூடாது.

‘தழும்பே தெரியாது’ என்று எழுதியிருக்கும் இடத்துக்கு மறுபடி போகவே வேண்டாம். இடுப்பிலிருந்து இடுப்பு வரை போகும் தழும்பு தெரியாமல் எப்படி இருக்கும்? முதல் சில மாதம் சிவந்து தடித்திருக்கும், மங்கி அடங்க ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். நம் மாநிறத் தோலில் கறுப்பாகவும் நிற்கலாம். காது குத்திய இடத்திலோ அம்மைத் தழும்பிலோ ‘கெலாய்டு’ மேடு வந்த உடம்பாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிலிகான் பட்டை ஒட்டுவதும் வெயில் படாமல் பார்ப்பதும் ஓரளவு உதவும்.

தழும்பை மறைக்க முடியும், அதற்கும் முன்யோசனை வேண்டும். வீட்டில் வழக்கமாகக் கட்டும் பாவாடையையே கட்டிக்கொண்டு வரச் சொல்வேன். நாடா எந்த இடத்தில் நிற்கிறது என்று நிற்க வைத்து மார்க்கர் பேனாவால் கோடு போட்டுவிட்டு, அதற்குக் கீழேதான் கீறலைக் குறிப்பேன். சிலர் தொப்புளுக்கு மேலே கட்டுகிறார்கள், சிலர் இடுப்பெலும்பில். சுடிதார் மட்டுமே போடுகிறவருக்குக் கோடு வேறு. படுக்க வைத்து வரைந்தால் தோல் நழுவிப்போய்த் தழும்பு மேலே ஏறிவிடும். உங்கள் சர்ஜன் நிற்க வைத்துக் குறிக்கிறாரா என்று கவனியுங்கள்.

பழைய ஆபரேஷன் தழும்பு எதையும் சின்னது என்று விட்டுவிடாதீர்கள். பித்தப்பையைத் திறந்து எடுத்த காலத்துத் தழும்பு வலது விலாவுக்குக் கீழே சாய்வாக ஓடும். கீழே இழுக்கும் தோலுக்கு ரத்தம் வரும் பாதையை அது குறுக்கே வெட்டியிருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு வழக்கமான முறையில் செய்தால் நடுத்தோல் கறுத்துப்போகும் ஆபத்து உண்டு. சிலரிடம் ‘உங்களுக்கு இது வேண்டாம்’ என்றே சொல்லியிருக்கிறேன்.

அழகுக்காகச் செய்யும் ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் கிடையாது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்பு போன்றவற்றுக்கு மட்டுமே விலக்கு. கூடவே குடலிறக்கம் இருந்து அதைச் சரிசெய்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் கேட்டுப் பார்க்கலாம். ஆபரேஷனுக்கு முன்பே எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். மருத்துவமனை சொல்லும் தொகையில் மயக்க டாக்டர் கட்டணம், அறை வாடகை, பெல்ட், மருந்து, ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்ந்திருக்கிறதா? சிக்கல் வந்து மறுபடி தியேட்டருக்குப் போக நேர்ந்தால் அந்தச் செலவு யாருடையது? பாதி விலை விளம்பரங்களில் இந்தக் கேள்விக்குத்தான் பதில் இருக்காது.

வங்கியில் வேலை, வயது 41. என் சொந்தப் பணத்தில் செய்துகொள்ள நினைக்கிறேன். ‘இந்த வயதில் யாருக்குக் காட்ட?’ என்று கணவர் கேட்கிறார். அவர் கையெழுத்து இல்லாமல் ஆபரேஷன் செய்வார்களா?
– வாசகி, தஞ்சாவூர்

சட்டப்படி உங்கள் கையெழுத்துப் போதும். சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த நோயாளியின் ஆபரேஷனுக்கு அவருடைய சம்மதம்தான் தேவை, குடும்பத்தார் சம்மதம் அதற்கு மாற்றாகாது என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது. பல மருத்துவமனைகளில் இன்னொருவர் கையெழுத்தும் கேட்பார்கள். அது உடனிருப்பவர் யார் என்று தெரிந்துகொள்ள, உங்கள் உரிமைக்கு மேல் அனுமதி கொடுக்க அல்ல.

‘யாருக்குக் காட்ட?’ என்ற கேள்வியைப் பெண்கள் எழுதும் கடிதங்களில் நான் அடிக்கடி பார்க்கிறேன். மடிப்புக்கடியில் வேர்க்குரு, விலகிய தசையால் முதுகு வலி, நின்று சமைக்கும்போது இடுப்பு இழுப்பது என்று எத்தனையோ இருக்கும். அதெல்லாம் இல்லாமல், கண்ணாடியில் பார்க்கும்போது எனக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டுமே காரணமாக இருந்தாலும் அது போதுமான காரணம்தான். கணவருக்காகவோ கணவரை மீறிக் காட்டவோ செய்கிறேன் என்று வருகிறவர்களைத்தான் கொஞ்சம் காத்திருக்கச் சொல்கிறேன்.

இரண்டு வாரம் உங்களை எழுப்பி உட்கார வைக்க ஒரு கை வேண்டும் என்பதும் நிஜம். அவரைச் சர்ஜனிடம் ஒருமுறை கூட்டிப்போங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு எடுத்த அழகான படங்களை மட்டும் பார்க்காமல், ஐந்தாம் நாள், பத்தாம் நாள் படங்களையும் இருவருமாகக் கேட்டுப் பாருங்கள். டியூபும் வீக்கமும் கன்றிய தோலுமாக இருக்கும். அதைப் பார்த்த பிறகும் நீங்கள் ‘சரி’ என்றால், அவருக்கும் உங்கள் முடிவின் உறுதி புரியும்.

போகும்போது பழைய டிஸ்சார்ஜ் சம்மரிகள், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள், சித்த மருந்தோ லேகியமோ இருந்தால் அதன் பாட்டில் என எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். கணவர் வர மாட்டேன் என்றால், ஆபரேஷனன்று ராத்திரி உங்களோடு தங்கப்போகும் அக்காவையோ தோழியையோ அழைத்துப்போங்கள். ட்ரெயின் குடுவையை எப்படிக் காலி செய்வது, எப்போது உடனே போன் செய்ய வேண்டும் என்பதெல்லாம் அவருக்கும்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.